மண் பாக்டீரியாவின் ஜீன் பரிமாற்றம்: எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு எந்த வழி சரி?

நாலாவது செமஸ்டர் நெருங்கினால் போதும், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், பொள்ளாச்சி என்று கேரள-தமிழ்நாடு எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். "சார், ஸ்ட்ரெப்டோமைசிஸ் எடுத்திருக்கேன். ஆன்டிபயாடிக் ஜீன் ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குப் போறதைக் காட்டணும். மண்ணுலேருந்து வளர்த்தா போதுமா, 16எஸ் பண்ணணுமா, இல்ல முழு ஜீனோமே படிக்கணுமா?" ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்பது பூஞ்சை போல இழையாக வளரும் மண் பாக்டீரியா, 16எஸ் என்பது பாக்டீரியாவின் வம்சத்தைக் காட்டும் ஒரு ஜீன், ஜீனோம் என்பது அதன் மொத்த டிஎன்ஏ. கேட்பவர்களில் பாதிப் பேர் கைடு கொடுத்த தலைப்போடு வருகிறார்கள், மீதிப் பேர் சீனியர் செய்த வேலையையே ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிச் செய்யலாமா என்று பார்க்கிறார்கள். எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதிலாக இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

வழியைப் பார்க்கும் முன், கேள்வியைப் பாருங்கள்

ஜீன் பரிமாற்றம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஜீன் நகர முடியுமா? உண்மையில் நகர்ந்திருக்கிறதா? நகர்ந்து வந்தது தங்கியதா? ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வேலை செய்ய வேண்டும். நான் பார்த்தவரை, சொதப்பிய புராஜெக்டுகளில் பெரும்பாலானவை ஒரு கேள்வியைத் தலைப்பில் வைத்துக்கொண்டு இன்னொரு கேள்விக்கான சோதனையைச் செய்தவைதான்.

ஸ்ட்ரெப்டோமைசிஸில் மூன்றுக்கும் ஓரளவு விடை தெரியும். நகர முடியுமா என்றால், தாராளமாக முடியும். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா தன் பிளாஸ்மிட்டை (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ) ஒற்றை இழையாகப் பிரித்து, பல புரதங்கள் சேர்ந்து கட்டிய குழாய் வழியாக அனுப்புகிறது. ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை, டிரா-பி என்ற ஒரே புரதம் வளையமாகச் சேர்ந்து நின்று இரட்டை இழையை அப்படியே பக்கத்து மைசீலியத்துக்குள், அதாவது இழைக் கூட்டத்துக்குள், தள்ளிவிடுகிறது. ஆன்டிபயாடிக் தயாரிக்கும் ஜீன்களும் சிதறிக் கிடக்காமல் ஒரே கொத்தாக அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன, தான் தயாரிக்கும் விஷத்தில் தானே சாகாமல் இருக்க வேண்டிய எதிர்ப்பு ஜீனும் பெரும்பாலும் அதே கொத்துக்குள்ளேதான் இருக்கும். கொத்து மொத்தமாகப் போனால் போய்ச் சேர்ந்த இடத்தில் உடனே பிழைத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலரில் எஸ்சிபி1 என்று ஒரு நேர்கோட்டு பிளாஸ்மிட் இருக்கிறது, 3,56,000 பேஸ் பேர் (டிஎன்ஏ எழுத்து ஜோடி) நீளம். மெத்திலினோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தயாரிக்கும் கொத்து முழுவதும் அந்தப் பிளாஸ்மிட்டில்தான் இருக்கிறது.

நகர்ந்திருக்கிறதா? 1973இலேயே பென்வெனிஸ்ட், டேவிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்களும் மருத்துவமனைப் பாக்டீரியாவில் இருக்கும் அமினோகிளைகோசைட் (ஸ்ட்ரெப்டோமைசின் வகை மருந்து) எதிர்ப்பு நொதிகளைப் போன்றவையே மண்ணில் இருக்கும் ஆக்டினோமைசீட்டுகளிலும் (ஸ்ட்ரெப்டோமைசிஸும் சேர்ந்த பெரிய பாக்டீரியாக் கூட்டம்) இருக்கின்றன என்று காட்டினார்கள். அதற்காக எல்லா எதிர்ப்பும் மருத்துவமனையில் பிறந்தது என்றோ, நேற்று மண்ணிலிருந்து தாவி வந்தது என்றோ எழுதிவிடாதீர்கள். கனடாவின் யூகான் பகுதியில் 30,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த மண்ணிலேயே வான்கோமைசின் எதிர்ப்பு ஜீன் கிடைத்ததாக 2011இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இந்தக் கதை மனிதனுக்கு முன்பே ஆரம்பித்தது.

தங்கியதா என்ற கேள்விதான் பலருக்கு அதிர்ச்சி தரும். இந்தப் பேரினம் 38 கோடி ஆண்டுகளுக்கும் பழையது, வெளியிலிருந்து வந்த ஜீன்களில் நிலைத்துத் தங்கியவை மிகச் சொற்பம் என்று மெக்டொனால்ட், கரி என்ற ஆய்வாளர்கள் 2017இல் கணக்குப் போட்டார்கள். ஆக, தட்டில் இரண்டு நாளில் நடப்பது வேறு, பரிணாமத்தில் மிஞ்சி நிற்பது வேறு.

எதை வைத்து எடை போடுவது

எந்தக் கேள்விக்கு விடை தரும் என்பது முதல் அளவுகோல். அடுத்தது காசு, அதுவும் கொட்டேஷனில் வரும் காசு மட்டுமில்லை, வராததும் சேர்த்து. அப்புறம் காலம்: உங்கள் கையில் இருப்பது நாலைந்து மாதம், அதில் தேர்வு, விசேஷம், லேபில் கரண்ட் இல்லாத நாள் எல்லாம் கழியும். லேபில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம், மைனஸ் 20 ஃப்ரீசர்கூட ஒழுங்காக ஓடாத இடத்தில் டிஎன்ஏ வேலை பெரிய தலைவலி. கடைசியாக, வைவாவில் (வாய்மொழித் தேர்வு) எதிரே இருப்பவர் "இதில் பரிமாற்றம் எங்கே?" என்று கேட்டால் காட்ட ஒரு படமாவது இருக்குமா?

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை:

| வழி | விடை தரும் கேள்வி | காசு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| மண்ணிலிருந்து வளர்த்தல் | மூன்றில் எதுவுமில்லை | குறைவு | காலம், பூஞ்சை, அனுமதி |
| 16எஸ் | மூன்றில் எதுவுமில்லை | நடுத்தரம் | பிசிஆர் தோல்வி |
| கலப்புச் சோதனை | நகர முடியுமா | குறைவு | பொய்யான பாசிட்டிவ் |
| முழு ஜீனோம் | நகர்ந்ததா, தங்கியதா | அதிகம் | துண்டு துண்டான கொத்து |
| பொதுத் தரவு ஜீனோம்கள் | நகர்ந்ததா, தங்கியதா | ஏறக்குறைய இல்லை | கற்கும் நேரம், கைடின் சம்மதம் |

முதல் இரண்டு வரிசையைப் பார்த்துக் கோபப்படாதீர்கள், விளக்குகிறேன்.

மண்ணிலிருந்து வளர்த்தல்

எல்லாரும் இதில்தான் தொடங்குகிறார்கள், தொடங்கவும் வேண்டும். நம் பகுதிக்கு ஒரு வசதி உண்டு. சித்தூர் தாலுகாவின் கிழக்கே கரிசல் மண், பாலக்காடு பக்கம் போகப் போக வெட்டுக்கல் மண், இந்தப் பக்கம் பொள்ளாச்சிச் செம்மண். கொஞ்ச நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தால் மூன்று வகை மண்ணையும் எடுத்துவிடலாம், இப்படி எல்லா ஊருக்கும் வாய்க்காது. தென்னந்தோப்பில் கோழி எரு போட்ட மண், போடாத மண் என்று ஜோடியாக எடுத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கோழிப்பண்ணை எருவோடு மருந்தின் மிச்சமும் குடல் பாக்டீரியாவும் சேர்ந்தே வரக்கூடும், பரிமாற்றம் பற்றிக் கேட்பதற்கு அங்கே ஒரு காரணம் இருக்கிறது.

வேலை இப்படிப் போகும். மேல் மண்ணைத் தள்ளிவிட்டு 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்து, நிழலில் உலர்த்தி, கால்சியம் கார்பனேட் கலந்து வைப்பதோ 55 டிகிரியில் சூடாக்குவதோ செய்தால் மற்ற பாக்டீரியா குறைந்து ஸ்போர் உள்ளவை மிஞ்சும். நீர்த்து, ஸ்டார்ச் கேசீன் அகாரில் பூஞ்சை மருந்து சேர்த்து ஊற்றி, 28 டிகிரியில் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம். மூன்றாம் நாளே தட்டைத் திறந்து ஒன்றுமில்லை என்று வீசிவிடுகிறவர்கள் உண்டு. பொறுங்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் காலனி முதலில் தோல் மாதிரி இறுகிக் கிடக்கும், அப்புறம் மேலே சுண்ணாம்புத் தூள் படிந்த மாதிரி வெள்ளை, சாம்பல், சில சமயம் லேசான ரோஸ் நிறம். லூப்பால் தொட்டால் வழுக்கி வராது, அகாரோடு பெயர்ந்து வரும். மூடியைத் திறந்ததும் முதல் மழை பெய்த மண் வாசனை அடித்தால் அந்த வாசனைப் பொருளான ஜியோஸ்மின் வந்துவிட்டது என்று அர்த்தம், பாதி வேலை முடிந்தது.

இதில் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடங்கள் இரண்டு. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற நோய்க்கிருமி மேல் வளையம் (கிருமி வளராத வட்டம்) வந்ததும் புது ஆன்டிபயாடிக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைப்பது முதலாவது. தோராயமாகப் பத்து ஆக்டினோமைசீட் எடுத்தால் ஒன்று ஸ்ட்ரெப்டோத்ரிசின் தயாரிக்கும், நூறு எடுத்தால் ஒன்று ஸ்ட்ரெப்டோமைசின் தயாரிக்கும் என்பது இந்தத் துறையில் பழைய கணக்கு. 1943இல் வாக்ஸ்மன் லேபில் ஆல்பர்ட் ஷாட்ஸ் பிடித்த ஸ்ட்ரெப்டோமைசினையே நீங்களும் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாவது, மண் ஸ்ட்ரெயின்மேல் (தனியாகப் பிரித்தெடுத்த பாக்டீரியா) மருந்து தோய்த்த டிஸ்க் வைத்துவிட்டு நோய்க்கிருமிகளுக்காகப் போட்ட வளைய அளவு அட்டவணையைப் பார்த்து 'ரெசிஸ்டன்ட்' என்று எழுதுவது. அந்த அட்டவணை ஸ்ட்ரெப்டோமைசிஸுக்குப் போட்டதே இல்லை. பெயர் எழுதாமல் மில்லிமீட்டரை மட்டும் எழுதுங்கள், யாரும் கேள்வி கேட்க முடியாது.

மறைந்திருக்கும் செலவில் பெரியது அனுமதி. தோட்டத்து மண்ணுக்கு உரிமையாளர் தலையசைத்தால் போதும், காட்டு மண்ணுக்கு அப்படி முடியாது. பரம்பிக்குளம் மண் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: இடம் கேரளத்தில், ரோடு போவது சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக் காட்டுக்குள். இரண்டு வனத்துறையோடும் பேச வேண்டியிருக்கும், அந்தக் கடிதங்கள் வந்து சேர்வதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். ஸ்ட்ரெயினை வெளிநாட்டு லேபுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதியும் தேவை. இன்னொன்று, திரும்பத் திரும்ப மாற்றி வளர்க்கும்போது பல ஸ்ட்ரெயின்கள் ஆன்டிபயாடிக் தயாரிப்பதையே நிறுத்திவிடும், முதல் தட்டிலேயே ஸ்போரை எடுத்து கிளிசராலில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

இது யாருக்கு? லேப் கைப்பழக்கம் வேண்டும் என்கிறவர்களுக்கு, மருந்துக் கம்பெனியில் க்யூசி (தரக் கட்டுப்பாடு) வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு. தலைப்பில் பரிமாற்றம் என்ற சொல் இல்லாவிட்டால் இது மட்டுமே போதும்.

16எஸ்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 27எஃப், 1492ஆர் என்ற பிரைமர் (ஜீனின் இரண்டு ஓரத்தையும் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) போட்டு ஏறக்குறைய 1,500 பேஸ் எடுத்து, வெளியே கொடுத்து வரிசை பார்த்து, மரம் வரைந்து ஒட்டுவது. இதில் தெரிவது பாக்டீரியாவின் வம்சம். ரேஷன் கார்டில் குடும்பத்தார் பெயர் இருக்கும், பக்கத்து வீட்டில் கடன் வாங்கி வைத்திருக்கும் உருளி இருக்காது, அதுபோலத்தான் இதுவும். 16எஸ் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் இரண்டு ஸ்ட்ரெப்டோமைசிஸ் முற்றிலும் வேறு வேறு ஆன்டிபயாடிக் கொத்துகளை வைத்திருக்கும். இந்தப் பேரினத்தில் அறுநூறுக்கும் மேல் இனங்கள் இருப்பதால், இனப் பெயரையே 16எஸ் பல சமயம் உறுதியாகச் சொல்லாது.

பிசிஆரில், அதாவது ஒரு ஜீனைப் பல பிரதி எடுக்கும் முறையில், ஒரு தொல்லை உண்டு. இந்த டிஎன்ஏவில் ஜி, சி இரண்டும் சேர்த்து 72 சதவீதம் வரை இருப்பதால் இழைகள் லேசில் பிரியாது, ஜெல்லில் பேண்டே (ஜீன் கிடைத்ததைக் காட்டும் கோடு) வராமல் இரண்டு வாரம் போகும். கொஞ்சம் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

தனியாக 16எஸ் வேண்டாம். மற்ற வழிகளுக்குத் துணையாக என்றால் வேண்டும், ஏன் என்று கடைசியில் வருகிறேன்.

கலப்புச் சோதனை

கல்லூரி லேபில் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது, ஆனால் இதைத் தேர்வு செய்பவர்கள் குறைவு. இரண்டு ஸ்ட்ரெயின். ஒன்று ஒரு மருந்தைத் தாங்கும், இன்னொன்று வேறு மருந்தைத் தாங்கும். இரண்டின் ஸ்போரையும் கலந்து மேனிட்டால் சோயா மாவு அகாரில் பரப்பி, நன்றாக ஸ்போர் வரும்வரை விட்டு, அந்த ஸ்போரைச் சுரண்டி எடுத்து இரண்டு மருந்தும் சேர்ந்த தட்டில் போடுவது. இரண்டையும் தாங்கி வளரும் காலனிகள் வந்தால் ஏதோ கைமாறியிருக்கலாம்.

'இருக்கலாம்' என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் ஒரே ஒரு மாற்றத்தால் தானாகவே எதிர்ப்பு வந்துவிடும், முதலாவதுக்கு ஆர்பிஎஸ்எல் ஜீனில், இரண்டாவதுக்கு ஆர்பிஓபி ஜீனில். கோடிக்கணக்கில் ஸ்போர் போடும்போது அப்படிப்பட்ட காலனி சில வந்தே தீரும், அதை எண்ணிப் பரிமாற்றம் என்று எழுதினால் வைவாவில் கதை முடிந்தது. எனவே ஒவ்வொரு ஸ்ட்ரெயினையும் தனியாக அதே அளவு ஸ்போர், அதே இரட்டை மருந்துத் தட்டில் போட்டு எண்ண வேண்டும். தனியாகப் போட்டதில் வருவதைவிடக் கலந்து போட்டதில் பல மடங்கு வந்தால்தான் பேச்சு. அப்புறம் கிடைத்த காலனி எந்த ஸ்ட்ரெயினின் உடம்பு, எந்த ஸ்ட்ரெயினின் ஜீன் என்பதைப் பிசிஆரில் காட்ட வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டுத் தட்டுகளால் பெட்ரி தட்டும் மீடியாவும் இரட்டிப்பாகும், செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தே இல்லாமல் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு காட்சியும் இதில் உண்டு. பிளாஸ்மிட் இல்லாத ஸ்ட்ரெயின் தட்டு முழுக்கப் புல்வெளி போலப் பரவியிருக்கும்போது நடுவில் பிளாஸ்மிட் உள்ள ஒரு ஸ்போர் விழுந்தால், அதைச் சுற்றிச் சில மில்லிமீட்டருக்கு வளர்ச்சி மந்தமாகி வட்டம் வட்டமாகப் புள்ளி விழும். இதைப் 'பாக்' என்பார்கள். பிளாஸ்மிட் பக்கத்து மைசீலியத்துக்குள் போய்ப் பரவிக்கொண்டே இருக்கிற எல்லைதான் அந்த வட்டம். போனிலேயே நல்ல படம் வரும், வைவாவில் காட்ட இதைவிட என்ன வேண்டும்? ஆனால் நீங்கள் பிடித்த காட்டு ஸ்ட்ரெயினில் பிளாஸ்மிட் இருக்குமா என்பது அதிர்ஷ்டம். தெரிந்த ஸ்ட்ரெயின் வேண்டுமென்றால் சண்டிகரில் இருக்கும் எம்டிசிசி போன்ற சேமிப்பு மையங்களின் பட்டியலைப் பார்த்து முன்பே எழுதிப் போடுங்கள், வந்து சேர நாளாகும்.

ஒரு எச்சரிக்கை. மண் ஸ்ட்ரெயினிலிருந்து நோய்க்கிருமிக்குள் எதிர்ப்பு ஜீனைக் கடத்திப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கல்லூரி லேபில் வேண்டவே வேண்டாம். இரண்டு பக்கமும் ஸ்ட்ரெப்டோமைசிஸாகவே இருக்கட்டும், முடிந்ததும் எல்லாத் தட்டையும் ஆட்டோகிளேவில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

இந்த வழி ஜீன் நகர முடியும் என்பதைக் காட்டும், மண்ணில் நடந்தது என்று காட்டாது. தட்டில் இருப்பது போன்ற தீனியும் நெருக்கமும் தென்னந்தோப்பில் கிடையாது. இந்த ஒரு வரியை விவாதப் பகுதியில் நீங்களே எழுதிவிட்டால் எதிரே இருப்பவர் அதைக் கேள்வியாக்க மாட்டார்.

முழு ஜீனோம்

எல்லாரும் ஆசைப்படுவது இதற்குத்தான். 2002இல் சீலிகலரின் ஜீனோம் வெளிவந்தபோது 86 லட்சத்துக்கும் மேல் பேஸ் பேர், 7,825 ஜீன்கள், அதில் இருபதுக்கும் மேல் ரசாயனம் தயாரிக்கும் கொத்துகள் என்று தெரிந்தது. அதுவரை அந்த ஒரு ஸ்ட்ரெயினைப் பல பத்தாண்டுகளாகப் படித்து வந்தவர்களுக்கே தெரிந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய ரசாயனங்கள்தான். குரோமோசோம் வட்டமாக இல்லாமல் நேர்கோடாக இருக்கிறது, அத்தியாவசிய ஜீன்கள் நடுவில், ஆன்டிபயாடிக் கொத்துகளில் பல இரண்டு கைகளிலும், அதாவது முனைப் பக்கங்களில். வந்து போகும் சரக்கெல்லாம் ஓரத்தில் இருப்பது பரிமாற்றத்தைத் தேடுகிறவர்களுக்கு நல்ல தடயம்.

காசைப் பற்றிப் பேசுவோம். வெளியே கொடுத்தால் ஒரு ஸ்ட்ரெயினுக்கே மாணவர் கையிலிருந்து போடக்கூடிய தொகை இருக்காது. அதிலும் மலிவான திட்டம் என்பது குறுந்துண்டு வாசிப்பு, ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு அது சரிப்படாது. ஆன்டிபயாடிக் கொத்துகளில் பாலிகீடைடு வகை ரசாயனம் தயாரிக்கும் ஜீன்கள் ஒரே மாதிரித் துண்டைத் திரும்பத் திரும்ப வைத்துக் கட்டியவை. குறுந்துண்டுகளை ஒட்டும் மென்பொருள் அங்கே வந்து எந்தத் துண்டு எதற்கு அடுத்தது என்று தெரியாமல் அறுத்துவிடும். ஒரு கொத்து மூன்று துண்டில் கிடக்கும், மூன்று கொத்து என்று எண்ணி எழுதுவீர்கள், கொத்துகளைத் தேடும் ஆன்டிஸ்மாஷ் மென்பொருளின் அறிக்கையில் "துண்டின் ஓரத்தில் இருக்கிறது" என்ற எச்சரிக்கை இருந்தும் யாரும் படிப்பதில்லை. கொத்து எங்கே உட்கார்ந்திருக்கிறது, இரண்டு பக்கமும் தாவும் ஜீன் இருக்கிறதா என்பதுதான் பரிமாற்றத்துக்குச் சாட்சி. அந்த ஓரமே அறுந்துபோனால் கொடுத்த காசுக்குப் பலன் இல்லை. நெடுந்துண்டு வாசிப்பு வேண்டும், அதற்கு இன்னும் காசு வேண்டும்.

அதற்கும் முன்னால் டிஎன்ஏ எடுக்க வேண்டுமே. மைசீலியம் உருண்டை உருண்டையாகத் திரண்டு கிடக்கும், லைசோசைம் போட்டு நேரம் கொடுக்காவிட்டால் உடையாது, அதிகம் குலுக்கினால் நீளமான டிஎன்ஏ நொறுங்கிவிடும், சர்க்கரைப் பொருள் கூடவே வந்து பைப்பெட்டில் கோழையாக ஒட்டும். அனுப்பிய மாதிரி தரம் போதாது என்று திரும்பி வந்தால், இன்னொரு மாதம்.

பல்கலைக்கழகத்தில் நிதியுள்ள திட்டத்தோடு கைடு இருந்து, கம்ப்யூட்டர் தெரிந்த பிஎச்.டி. அக்காவோ அண்ணனோ பக்கத்தில் இருந்தால் தைரியமாக இறங்குங்கள். கைக்காசு போட்டு மட்டும் இறங்காதீர்கள்.

பொதுத் தரவில் இருக்கும் ஜீனோம்கள்

என் ஓட்டு இதற்கு. என்சிபிஐ என்ற பொதுத் தரவுத் தளத்தில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஜீனோம்கள் இலவசமாகக் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் முழுமையாக முடித்தவையாக ஒரு பதினைந்து இருபது எடுங்கள். ஏடிபிடி, கைர்பி, ரெக்ஏ, ஆர்பிஓபி, டிஆர்பிபி ஆகிய ஐந்து ஜீனையும் கோத்து ஒரு மரம் வரையுங்கள், அது வம்ச மரம். அப்புறம் ஒரு எதிர்ப்பு ஜீனையோ கொத்து ஜீனையோ எடுத்து இன்னொரு மரம். இரண்டு மரமும் ஒத்துப்போனால் அந்த ஜீன் பாட்டன் சொத்து. வம்சத்தில் தூரத்தில் இருக்கும் இரண்டு ஸ்ட்ரெயின் ஜீன் மரத்தில் மட்டும் ஒட்டி நின்றால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. மரம் வரையும் மெகா மென்பொருள் இலவசம், ஆன்டிஸ்மாஷ் 2011 முதல் இலவசம், லேப்டாப் சுமாராக இருந்தால் கேலக்சி என்ற இணையச் சர்வரில் ஓட்டலாம்.

இதில் சறுக்கும் இடம் எது என்று சொல்லிவிடுகிறேன். ஒரே ஜீன் இரண்டு இனத்தில் இருந்தாலே பரிமாற்றம் ஆகிவிடாது, இருவருக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்திருக்கலாம். மரம் ஒத்துப்போகாவிட்டாலும் உடனே குதிக்கக் கூடாது. ஜீன் இரட்டித்து ஒரு பிரதி இங்கேயும் இன்னொரு பிரதி அங்கேயும் தொலைந்திருந்தாலும் மரம் அப்படித்தான் வரும். பாடப்புத்தகத்தில் ஜிசி சதவீதம் மாறியிருந்தால் அந்நிய ஜீன் என்று இருக்கும். ஈ.கோலைக்குச் சரி. கொடுத்தவரும் வாங்கியவரும் இருவருமே 72 சதவீத ஆட்கள் என்றால் அந்தக் கணக்கு எதையும் காட்டாது, இந்தச் சோதனையை மட்டும் நம்பி "பரிமாற்றம் இல்லை" என்று முடித்த ரிப்போர்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் ஜீன்களின் வரிசை, தாவும் ஜீன்கள், மரம், மூன்றையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

செலவு ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. முதல் ஒரு மாதம் லினக்ஸும் ஃபைல் வகைகளும் கற்பதிலேயே போகும். தளத்தில் இருக்கும் ஸ்ட்ரெயின்களும் சமமாக எடுத்தவை அல்ல, கம்பெனிகளும் பெரிய லேபுகளும் விரும்பியவை அதிகம், எந்த மண்ணிலிருந்து வந்தது என்ற விவரமே இல்லாதவையும் உண்டு. எல்லாவற்றையும்விட, "லேபுக்குள் வராத புராஜெக்டா?" என்று கேட்கும் கைடு. அவரிடம் வாதம் செய்து பயனில்லை, கீழே சொல்லும் கலவையைக் காட்டுங்கள்.

தலைப்பை ஏற்கெனவே கொடுத்தாச்சே, சார்

"பாலக்காடு எல்லை மண்ணில் ஆன்டிபயாடிக் ஜீன் பரிமாற்றம்" என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். காசு குறைவாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு வகை மண்ணிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் சேர்த்த அகாரில் வளரும் ஸ்ட்ரெயின்களை மட்டும் எடுங்கள், ஐந்தாறு போதும். ஒவ்வொன்றிலும் 16எஸ் பாருங்கள், கூடவே ஸ்ட்ரெப்டோமைசின் கொத்தின் இரண்டு ஜீன்களைப் பிசிஆரில் தேடுங்கள்: எஸ்டிஆர்ஏ, இது எதிர்ப்பு ஜீன், எஸ்டிஆர்பி1, இது தயாரிப்பு ஜீன். இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் வெலிங்டன் குழுவினர் மண் ஸ்ட்ரெப்டோமைசிஸில் இதே கொத்தைத்தான் துரத்தினார்கள், 1998, 2001 ஆண்டுகளில் வந்த அவர்கள் கட்டுரைகளில் சில ஸ்ட்ரெயினுக்கு முழுக் கொத்தும் சிலவற்றுக்குக் கொத்தின் ஒரு பகுதி மட்டும் கைமாறியதற்கான சாட்சியம் இருக்கிறது. முழு ஜீனோம் கையில் இல்லாத காலத்தில் செய்த வேலை, ஆகவே நம் லேபுக்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

எதிர்ப்பு ஜீன் இருந்து தயாரிப்பு ஜீன் இல்லாத ஸ்ட்ரெயின் ஒன்று கிடைத்தால் அதுதான் உங்கள் புராஜெக்டின் மையம். அதன் வரிசையை என்சிபிஐ தளத்தில் இருக்கும் ஜீனோம்களின் வரிசைகளோடு சேர்த்து மரம் வரைந்து, 16எஸ் மரத்தைப் பக்கத்தில் வையுங்கள். பிசிஆரில் பேண்ட் வரவில்லை என்றால் ஜீன் இல்லை என்று எழுதாதீர்கள், பிரைமர் பொருந்தவில்லை என்பதும் சாத்தியம். ஆர்பிஎஸ்எல் ஜீனையும் வரிசை பார்த்துவிடுங்கள், வெறும் மாற்றத்தால் வந்த எதிர்ப்பு என்றால் அங்கே தெரிந்துவிடும். ஐந்திலும் எதுவும் கிடைக்காமல் போனால் இரண்டு மண்ணின் வேறுபாட்டையும் இந்தச் சோதனையின் வரம்பையும் எழுதி முடிக்கலாம், வைவாவில் ஓடாத புராஜெக்ட் இல்லை அது. பிரைமர் ஆர்டரை மட்டும் மண் எடுக்கப் போவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், கல்லூரி ஆபீசில் அந்த பில் பாஸ் ஆகும் நேரத்துக்குள் உங்கள் ஸ்ட்ரெயின்கள் இரண்டு தடவை வளர்ந்துவிடும்.